கொழுப்பில்லாதவள்

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தக்கூட நேரம் விடாமல் ஒரு தீவன லாரி டிரைவர் ரெட் ஆக்சைடு கேட்டு வந்து நின்றார். அவர் சட்டையிலிருந்து மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த அந்த வாசனை வந்தது. பெயின்ட்டும் தின்னரும் விற்று விற்று ஊறிப்போன மூக்கு எனக்கு. பக்கத்து ஓட்டலில் குழம்பு தீய்ந்தால்கூடத் தெரியாது. இது மட்டும் தெரிந்துவிட்டது. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் உன் தலைமுடியில் மிச்சமிருக்குமே, அந்தக் கோழிப்பண்ணை வாசனை. டிரைவருக்கு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. அழுகை எனக்கு எப்போதோ நின்றுபோனது. வந்தது கோபம்தான். அது இன்னும் வாடாமல் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

உன்னை மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவர் பண்ணை பெரிதில்லை. நீ போன பிறகுதான் கொட்டகை கொட்டகையாக வளர்ந்தது. வளர்த்தது நீ. அங்கே வேலைக்கு வந்த பெண்களைவிட முந்தி நீ முட்டை பொறுக்க இறங்கிவிடுவாய். நான் வந்திருந்தால் எனக்குக் காட்டுவதற்கென்றே ஒரு கையில் நாலைந்து முட்டைகளை விரலிடுக்கில் கோத்து எடுத்து, "ஒண்ணு ஒடைஞ்சா கேளு பாப்பா" என்று சிரிப்பாய். உடைந்து நான் பார்த்ததில்லை.

என் மகனுக்குக் காது குத்திய அன்று அந்தக் கை எனக்கு முதல் தடவையாக வேறு மாதிரித் தெரிந்தது. காப்பி டம்ளரை நீ விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாய். சமையல்கட்டுக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். "காலைல எந்திரிச்சா கையி என்ற கை மாதிரியே இல்ல பாப்பா. வெயில் நல்லா ஏறுனாத்தான் வெரல் மடங்குது" என்றாய். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கிச் சூடாக இருந்தன.

அதைப் பந்தியில் உட்கார்ந்திருந்த மச்சானிடம் சொன்னேன். இலையிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "பண்ணைல வேலைன்னா வலிக்கும். ஒறம்பரை, சொந்தபந்தத்து ஊட்டு விசேசம்னா வலிக்காது. எல்லாம் கொழுப்பு அம்மிணி, கொழுப்பு." பந்தி முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துகூடப் போவேன். நீ சிரித்ததை மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்தான் உனக்குப் பேராகிவிட்டது. குனிந்து வாசல் பெருக்க முடியவில்லையா, கொழுப்பு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லையா, கொழுப்பு. ராத்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் இருந்தால் அதற்கும் அதே சொல்.

சேலத்துக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். அந்த மூட்டு மருத்துவர் அம்மா உன் விரல்களை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். "வலிச்சா கத்துங்கம்மா, இங்க யாரும் திட்ட மாட்டாங்க" என்று அவர் சொன்னதும் உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடக்குவாதம் என்றார். வெளியிலிருந்து வரும் கிருமியைத் தாக்க வேண்டிய உடம்பு, ஆள் தெரியாமல் தன் மூட்டையே தாக்குகிறது. அதை அடக்க வாரம் ஒரு தடவை மாத்திரை போட வேண்டும் என்றார். இன்னொன்றும் அழுத்திச் சொன்னார். இந்த மாத்திரையைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே வந்து சொல்லுங்கள், இதை நிறுத்திவிட்டுக் குழந்தைக்குக் கெடுதல் செய்யாத வேறு மருந்துக்கு மாற்றித் தருகிறேன்.

மாத்திரை போட ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து ஒரு நாள் போன் பண்ணினாய். "பாப்பா, இன்னிக்கு வாசல்ல கோலம் போட்டேன். புள்ளி வெச்சு!" நீ அத்தனை சந்தோஷமாக ஒரு விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மருத்துவர் சொன்னதை நீ வீட்டில் அப்படியே சொன்னாய். மச்சான் அதில் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. எனக்கு அது புரியாமல் இல்லை. உனக்கு மட்டும் அந்த ஏக்கம் இல்லையா? ஒரு நாள் உன் மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் கோழி எருக்குழியில் வீசிவிட்டார். நான் போய்க் கேட்டேன். "கொழந்தைக்கு ஆவாதுன்னு உன்ற டாக்டரே சொல்லியிருக்குது, அப்பறம் என்ன?" என்றார்.

"அதுக்கு வேற மருந்து இருக்குதுன்னும் சொன்னாங்களே மச்சான். ஒருக்கா சேலம் கூட்டிட்டுப் போங்க."

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' வருஷக்கணக்கில் நீண்டது. நான் கூப்பிட்டாலும் உன்னை அனுப்பவில்லை. குழந்தையும் வரவில்லை, மருந்தும் வரவில்லை. உன் மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. வளையலை அறுத்துத்தான் எடுத்தார்கள். அப்போதும் நீ முட்டை பொறுக்கினாய், இரண்டு கையாலும் ஒவ்வொன்றாக.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச மருத்துவ முகாமில் உங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவருக்குக் கொழுப்பு அளவு கூடுதல். உனக்குக் குறைவு. முகாமில் இருந்த மருத்துவர் சின்ன வயசுக்காரர். உன் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அதை நீட்டிக்கொண்டிருந்த கையைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஹார்ட்டைப் பத்திப் பயமே வேண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மச்சான் அந்த ரிப்போர்ட்டை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். "பாருங்க, என்றதுல பாதி கூட இல்ல. இவளுக்கு ஒரு நோவும் இல்ல. வாயிலதான் கொழுப்பு, ரத்தத்துல இல்ல."

அன்று முதல் அவர் தன் கொழுப்புக்கு மாத்திரை போட ஆரம்பித்தார். நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கோயில் தீர்த்தம் வாங்குவது போல மாத்திரையை உள்ளங்கையில் வைத்து வாயில் போடுவார். ஒரு நாளும் தவறியதில்லை. அந்தத் தண்ணீரை எடுத்து வைப்பதும் நீதான்.

கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் நீ நின்று மூச்சு வாங்கினாய். கேஸ் ட்ரபிள் என்றார்கள். தோள்பட்டை வலித்தது. முடக்குவாதம் உள்ளவளுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று நீயே சமாதானம் சொல்லிக்கொண்டாய். கடைசிக் காலையில் எனக்குப் போன் செய்தபோது உன் குரல் தூரத்தில் கேட்டது.

"தாடைல இருந்து தோளு வரைக்கும் என்னமோ இழுக்குது பாப்பா. வேர்த்து ஊத்துது. அவியகிட்ட சொன்னேன். முட்டை வண்டிக்கு லோடு ஏத்திப்போட்டுப் பாக்கலாம்னாங்க."

"நீ அப்படியே உக்காரு. நான் வாரேன்."

கடையைப் பூட்டக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் வண்டியை விரட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முட்டை அட்டை அடுக்கியிருந்த இடத்தில் நீ தரையில் கிடந்தாய். வேலைக்கு வந்த ஒரு பெண் உன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். மச்சான் கையில் ஒரு அட்டை முட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று சொன்னதும், "கொழுப்பே இல்லீங்களே, ரிப்போர்ட் இருக்குதுங்களே" என்று அந்த மருத்துவரிடம் வாதாடினார்.

அது திகைப்பில் வந்த பேச்சு என்று விட்டுவிடலாம். இழவு வீட்டில், வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து வந்தவர்களிடம் அவர் சொன்னதை விட முடியாது. "ஒடம்புல ஒண்ணுமில்லைங்க. எதையோ மனசுல வெச்சுட்டுப் புழுங்கிப் புழுங்கியே போயிட்டா." நீ செத்ததையும் உன் குற்றமாக்கிவிட்டார். உன் காலடியில் உட்கார்ந்து அதைக் கேட்டபோதுதான், இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் சேலத்துக்குப் போனேன். அந்த மருத்துவர் அம்மாவுக்கு உன்னை ஞாபகம் இருந்தது. செய்தி கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "கொழுப்பே இல்லாதவளுக்கு எப்படிங்க மாரடைப்பு வரும்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். நாமக்கல்லிலிருந்து வருகிறேன் என்பதால் லாரிக் கணக்காகவே சொன்னார். கொழுப்பு ரத்தத்தில் கரையாதாம். புரதம் சுற்றிய சின்னச் சின்ன வண்டிகள்தான் அதை ஏற்றிக்கொண்டு போகின்றனவாம். ஒரு வகை, சரக்கைக் கொண்டுபோய் இறக்கும். இன்னொரு வகை, ரத்தக் குழாய்ச் சுவரில் தேங்குவதைத் திரும்ப அள்ளிக்கொண்டு ஈரலுக்கு வரும். அதைத்தான் நல்ல கொழுப்பு என்கிறார்கள்.

"மூட்டுல எரியற நெருப்பு மூட்டோட நிக்காதுங்க. ரத்தம் பூராவும் பரவும். வருஷக்கணக்கா அணைக்காம விட்டா ஈரல் தன் வேலையையே மாத்திக்கும். அள்ளிட்டு வர்ற வண்டில இருக்கிற நல்ல புரதத்தை எறக்கி விட்டுட்டு, அந்த நெருப்புல உண்டாகற அழற்சிப் புரதம் ஏறி உக்காந்துக்கும். வண்டி பாக்க அதே வண்டிதான். ஆனா சரக்கை அள்ளாது. குழாய்ச் சுவரைக் காப்பாத்தவும் செய்யாது. சில நேரம் அதுவே எரிச்சலைக் கூட்டும்."

"அப்ப அளவு ஏனுங்க கொறைவா இருந்துச்சு?"

"அந்த நெருப்பு இருக்கறப்ப, சரக்கு எறக்கற வண்டிகளை ஒடம்பு வேகமா ரத்தத்துல இருந்து எடுத்துடுது. அதனால டெஸ்டுல கம்மியாத் தெரியும். ரோட்டுல லாரி கம்மியா ஓடுதுங்கறதுக்காக எங்கயும் சரக்கு எறங்கலைன்னு சொல்ல முடியாதில்லீங்களா? அவங்களுக்குக் கொழுப்பு கம்மியா இருந்தது நல்ல சேதியே இல்லம்மா. உள்ள எவ்வளவு எரியுதுங்கறதுக்கு அதுவும் ஒரு அடையாளம். மருந்து குடுத்து நெருப்பை அடக்குனா, அந்த அளவு கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். ஆனா இதயத்துக்கு ஆபத்து குறையும்."

மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு கூடியிருக்கும். நாங்க நெஞ்சையும் சேத்துக் கவனிச்சிருப்போம்" என்றார். நியாயமான பதில். எனக்கு அந்த நியாயம் தேவைப்படவில்லை. வாய்ப்பு கூடியிருக்கும் என்ற ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

உன் முதல் திதி முடிந்ததும் மச்சான் பெண் பார்க்க ஆரம்பித்தார். சேந்தமங்கலத்தில் பேச்சு முடிகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு உறவுக்காரர் கடையில் சொன்னார். பெண் ஏற்கெனவே ஒரு கல்யாணமாகிப் பிரிந்து வந்தவள், தையல் கடை வைத்திருக்கிறாள். "போதும் விடு. அவரும் ஒரு மனுசன்தான" என்றார் என் வீட்டுக்காரர். நான் மறுநாளே சேந்தமங்கலத்துக்குப் போனேன்.

கடையில் அவள் மட்டும் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். பஸ்ஸில் வரிசையாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாயிலிருந்து வரும்போது முன்பின்னாக வந்தது. எருக்குழி முதலில் வந்தது, கோலம் கடைசியில் வந்தது. நான் முடித்ததும் அவள் கேட்டாள்: "அவர் கெட்டவருங்களா அக்கா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "குடிக்க மாட்டாருங்க. அடிக்க மாட்டாரு. உங்களுக்கு வலிக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டாரு. அவ்வளவுதானுங்க."

அவள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை எடுத்து மடித்து வைத்தாள். "என்ற மொதப் புருசன் அடிச்சானுங்க. தழும்பு இருந்துச்சு, பாத்தவங்க நம்புனாங்க. இது வெளிய தெரியாதுங்களே."

"தெரியாதுங்க. ரத்தத்தை எடுத்துப் பாத்துமே தெரியலீங்க."

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "நீங்க எனக்காக வரலீங்களே? பழி தீக்கத்தான வந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள்.

பேச்சு முறிந்துபோனது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மச்சான் கடைக்கு வந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் கலர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்ற குடியைக் கெடுத்துப்போட்டு இங்க உக்காந்து பெயின்ட் விக்கறியா? உனக்கு எத்தனை கொழுப்பு இருக்கோணும்?"

அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? "ஆமாங்க மச்சான். எனக்கு நெறையவே இருக்குது. என்ற அக்காளுக்குத்தான் கொறைஞ்சு போச்சு. நீங்கதான ஊரெல்லாம் ரிப்போர்ட்டைக் காட்டுனீங்க? அது ஏன் கொறைஞ்சுதுன்னு இப்பச் சொல்றேன், இவங்களும் கேக்கட்டும்."

மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பட்டறைக்காரர்கள் கலர் அட்டையைக் கையில் வைத்தபடி நின்று கேட்டார்கள். மச்சானின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"டாக்டரே பயமில்லைன்னுதான சொன்னாரு? எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு மாத்திரை எழுதுன டாக்டர் பேச்சை ஒரு நாள் தவறாமக் கேட்டீங்க. அவளுக்கு எழுதுன டாக்டர் பேச்சைக் குழில வீசுனீங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவ சாவோணும்னு நான் நெனைக்கல அம்மிணி" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பட்டறைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணால் போதும் என்றார்.

"எனக்கும் தெரியுமுங்க. நெனைச்சிருந்தீங்கன்னா போலீசு பாத்துக்கும். நெனைக்காமப் பண்ணுனதுக்குக் கேக்க ஆளில்லைங்க, அதுக்குத்தான் நான் இருக்கறேன்."

அவர் எழுந்து போனார். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றுவரை தோன்றியதும் இல்லை.

அதன் பிறகு விசேஷங்களில் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் அக்கா. குடி கெடுத்தவள் என்று ஒரு பேர் வந்துவிட்டது. உனக்கு அவர் வைத்த பேரைவிட இது எவ்வளவோ மேல். நான் பாடுபட்டுச் சம்பாதித்தது. போன மாதம் பிரஷர் பார்த்தபோது கூடுதலாக இருக்கிறது, கோபத்தைக் குறையுங்கள் என்றார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டேன். தினமும் தவறாமல் போடுகிறேன். கோபத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட நீ கோபப்பட்டதில்லை. உன் பங்கையும் சேர்த்து நான்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

முந்தாநாள் ஒரு செய்தி வந்தது. சேலத்துக்கு அந்தப் பக்கம் ஜலகண்டாபுரத்தில் மச்சானுக்கு வேறொரு இடம் பார்த்திருக்கிறார்களாம். பெண் தறி ஓட்டுகிறவள். உறவுக்காரர்கள் இந்தத் தடவை என் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். சொன்னது சேந்தமங்கலத்துப் பெண்தான். தரகர் அவளிடமே வாய்தவறி உளறியிருக்கிறார்.

"ஞாயித்துக்கெழமை போகலாம்னு இருக்கறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

போனில் அவள் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"சேலம் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க அக்கா. நானும் வாரேனுங்க."